பொய்யான முகவரி

அரிய ஆர்க்கிட் செடியை வாங்குவோர், அது எங்கிருந்து வந்தது என வினவுதல் வேண்டும். ஒரு காலத்தில் அவ்வினாவிற்கு மெய்யான விடை கிடைத்ததில்லை. சபாவின் கினபாலு மலைச் சாரலில் மட்டுமே இயற்கையாக வளரும் ராத்சைல்டு ஆர்க்கிட்டுக்கு 1888இல் அறிவியற்பெயர் இடப்பட்டது. அதனை விற்ற இங்கிலாந்தின் சாண்டர் நிறுவனமோ, அதன் தாயகம் நியூகினி என்றது. போட்டியாளரைத் திசைதிருப்புவதே நோக்கம். அப்பொய் நெடுங்காலம் பலித்தது. 1959இல்தான் செடியின் இருப்பிடம் மீண்டும் கண்டறியப்பட்டது. வணிகரின் பொய்யே மலருக்கு வேலியாய் நின்றது விந்தைதான்! இருப்பிடம் தெரிந்தபின் திருட்டும் தொடங்கியது.

1922இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் ஆர்க்கிட் விதைகளை முளைப்பிக்கும் முறையை வெளியிட்டிருந்தார். அவ்வழியில் குடுவையில் வளர்ந்த நாற்றுகள் இன்று முறைப்படி விற்கப்படுகின்றன. ஆயினும் அவை பூக்கப் பல்லாண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்க மனமில்லாதவரே காட்டுச்செடியைத் தேடுகின்றனர்.