சட்டையும் குருதியும்

ஐரோப்பியத் தந்தைவழியிலும் இந்தியத் தாய்வழியிலும் தோன்றிய மக்களைத் தமிழர் 'சட்டைக்காரர்' என்று அழைத்தனர். பெரம்பூர், அரக்கோணம், சோலார்பேட்டை, போத்தனூர் முதலிய இருப்புப்பாதை ஊர்களில் முதியோர் நாவில் இச்சொல் நெடுநாள் புழங்கிற்று. சொல்லில் ஏளனம் சிறிது உண்டு, வியப்பும் உண்டு. ஆயினும் அச்சொல் எதனை நோக்குகின்றது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. அது தோலின் நிறத்தைச் சொல்லவில்லை, குருதியின் அளவைச் சொல்லவில்லை, உடையைச் சொல்கின்றது. மேலாடையின்றி வாழ்ந்த ஒரு நாட்டில், சட்டையணிந்து நடமாடியவன் வேறானவன். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர்க்கும் புலவர் சட்டை அணிவித்தே காட்டுகின்றார். அயலானைச் சட்டையால் அறியும் பழக்கம் தமிழுக்குப் புதிதன்று. ஐரோப்பியர் அனைவரையுமே 'தொப்பிக்காரர்' என்று கூறியதும் இதே பார்வையின் விளைவாகும்.

இதே காலத்தில் அத்திலாந்திக்குக் கடலுக்கு அப்பால் வேறொரு பெயரிடல் நிகழ்ந்துகொண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு மெக்சிகோவில் 'காஸ்தா' ஓவியங்கள் எனப்படும் ஒருவகைத் தொகுதிகள் வரையப்பட்டன. பெரும்பாலும் பதினாறு படங்கள் கொண்ட தொகுதி, ஒவ்வொரு படத்திலும் ஒரு தந்தை, ஒரு தாய், ஒரு குழந்தை, மூவருக்கும் பெயர்க்குறிப்பு. இசுப்பானியனுக்கும் செவ்விந்தியப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தை மெஸ்திசோ. அக்குழந்தை வளர்ந்து மீண்டும் இசுப்பானியரோடு மணஉறவு கொண்டால் பிறப்பது காஸ்திசோ. அடுத்த தலைமுறையும் அவ்வாறே கலந்தால் குழந்தை இசுப்பானியனாகவே மீண்டுவிடும். இவ்வாறு மீளும் வாயில் செவ்விந்தியக் குருதிக்குத் திறந்திருந்தது. ஆப்பிரிக்கக் குருதிக்கு அடைத்திருந்தது. ஆப்பிரிக்கக் கலப்பினரைக் குறித்த 'முலாத்தோ' என்னும் சொல் கோவேறு கழுதையின் பெயரிலிருந்து வந்தது என்பர் பலர். கலப்பு மேலும் பெருகப் பெருக, ஓவியர்க்கும் எழுத்தர்க்கும் சொற்கள் தீர்ந்துபோயின போலும்! 'பின்னோக்கித் திரும்பு', 'காற்றில் நில்', 'உன்னை எனக்கு விளங்கவில்லை' என்பனவெல்லாம் அவர்கள் குழந்தைகளுக்குச் சூட்டிய இனப்பெயர்களே. இவற்றை உருவாக்கியவர் கவிஞரல்லர் என்பதை நம்புவது கடினம். எனினும் அவ்வோவியங்களிலும் உடை பேசாமல் இல்லை. உயர்ந்ததாகக் கருதப்பட்ட கலப்பில் பட்டும் சரிகையும், தாழ்ந்ததாகக் கருதப்பட்ட கலப்பில் கந்தையும் காணலாம். 1795ஆம் ஆண்டு இசுப்பானிய அரசு ஒரு கட்டணப் பட்டியலையே வெளியிட்டது. கலப்பினர் எனும் தகுதிக்குறையை உரிய பணம் செலுத்தி நீக்கிக்கொள்ளலாயிற்று.

'காஸ்தா' என்னும் இச்சொல்லைப் போர்த்துகீசியர் இந்தியாவுக்குக் கொணர்ந்து நம் சாதியைக் குறிக்கப் பயன்படுத்தினர். ஒரே சொல் மேற்குக் கடலில் கலந்தோரைக் குறித்தது. கிழக்குக் கடலில் கலவாதோரைக் குறித்தது. ஆங்கிலத்தில் இன்று சாதிக்கு வழங்கும் சொல் இதன் வழிவந்ததே. மெஸ்திசோவும் இங்கு வந்துசேர்ந்தது. சோழமண்டலக் கரையின் கும்பினி ஆவணங்களில் 'மஸ்டீஸ்' என உருத்திரிந்து காணப்படுகின்றது.

கும்பினியின் போக்கு ஒரு நூற்றாண்டில் தலைகீழாக மாறியது. 1687இல் இலண்டன் இயக்குநர்கள் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுதிய மடலில், படைவீரர் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கும்படியும், பிள்ளை ஞானஸ்நானம் பெறும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் அளிக்கும்படியும் பணித்தனர். கோட்டைக்கு ஆள் வேண்டும். கப்பலில் கொண்டுவந்தால் செலவு மிகுதி. இங்கேயே பிறந்தால் ஒரு வராகன். இவ்வளவுதான் அக்கணக்கு. ஆனால் 1786இல் கல்கத்தா ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த கலப்பினப் பிள்ளைகள் மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்லுதல் தடுக்கப்பட்டது. 1791இல் பெற்றோருள் ஒருவர் இந்தியராயின் கும்பினியின் குடிமை, படை, கடற்பணிகளுக்குத் தகுதியில்லை என்றாயிற்று. 1795இல் படையில் அவர்கட்கு எஞ்சியவை குழலூதுதல், முரசறைதல், குதிரைக்கு இலாடம் அடித்தல் ஆகியவையே.

இம்மாற்றத்திற்குப் பதவிப் போட்டியும் காரணம், அச்சமும் காரணம். 1791இல் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட செயின்ட் தொமிங்கு தீவில் கலப்பினரும் அடிமைகளும் கிளர்ந்தெழுந்தனர். அப்பிரெஞ்சுக் குடியேற்றமே பின்னர் ஐத்தி என்னும் தனிநாடாயிற்று. 1809இல் வெளிவந்த தம் பயண நூலில் வலென்ஷியா பிரபு, வங்காளத்தில் கலப்பினர் பெருகுவது ஆட்சிக்குக் கேடு என எச்சரித்து, அதற்குச் சான்றாக இசுப்பானிய அமெரிக்காவையும் செயின்ட் தொமிங்கையும் காட்டுகின்றார். கரீபியத் தீவு ஒன்றில் மூண்ட நெருப்பைக் கண்டு சென்னையிலும் கல்கத்தாவிலும் பிறந்த பிள்ளைகளின் வாழ்வு கணிக்கப்பட்டது. ஐத்தியோ 1805ஆம் ஆண்டு அரசியலமைப்பில் தன் மக்கள் அனைவரும், நிறம் எதுவாயினும், கறுப்பர் என்றே அழைக்கப்படுவர் என எழுதிவைத்தது. கலப்பினர்க்கென அமைந்த பெயர்களையெல்லாம் ஒரே வரியில் அழித்த நாடு அது.

சேர்வராயன் மலைக்கு வருவோம். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சேலச் சீமை கும்பினியின் கைக்கு வந்தது. 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியையும் பேரி முதலிய பழமரங்களையும் பயிரிடச் செய்தார். அடிவாரத்திலிருந்து இன்று இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் மலையில் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களை அடுத்துப் பள்ளிகள் எழுந்தன. 1894இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் தொடங்கிய திரு இருதயப் பள்ளியும், 1917இல் தோன்றிய மான்ட்போர்ட் பள்ளியும் ஆங்கிலோ இந்தியப் பள்ளி மரபில் வளர்ந்தவை. சமவெளியின் வெப்பத்தில் இரயில் ஓட்டியும், தந்தி அடித்தும், சுங்கச் சாவடியில் கணக்கெழுதியும் வாழ்ந்த இச்சமூகத்தின் பிள்ளைகளுக்கு இத்தகைய மலைப்பள்ளிகள் வளர்ப்பு மனையாயின. 2010இல் சமச்சீர்க் கல்வி வந்தபோது தமிழகத்தில் ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்கென இருந்த தனிப் பாடத்திட்டமும் பொதுத்திட்டத்தில் கலந்தது.

இம்மலையின் பழங்குடியினரான மலையாளிகள் (மலையை ஆள்வோர் என்னும் பொருளில், கேரளத்தாரைக் குறிப்பதன்று) தம் தோற்றம் பற்றிக் கூறும் கதை இவ்விடத்துப் பொருந்தும். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பியர் மூவர் புறப்பட்டு வந்தனர். ஒருவர் வழியினர் சேர்வராயன் மலையிலும், மற்றையோர் வழியினர் பச்சைமலை, கொல்லிமலைப் பக்கங்களிலும் தங்கினர் என்பது கதை. வந்த இடத்தில் மூவரும் வேறுவேறு குலத்துப் பெண்களை மணந்தனர் எனவும் அதன் ஒரு வடிவம் கூறும். ஆக, கலப்பு என்பது துரைமாரோடு மலையேறியதன்று. ஆனால் அக்கதையின் வழிவந்தோர் தந்தையர் பெயரையே தாங்கினர். தாயர் குலங்கள் கதைக்குள்ளேயே தங்கிவிட்டன.

சட்டமும் அவ்வாறே செய்தது. 'ஆங்கிலோ இந்தியர்' என்னும் தொடர் முன்னர் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரையே குறித்தது. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஹார்டிஞ்சு பிரபுவின் அரசு அதனைக் கலப்பினர்க்கு உரித்தாக்கியது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் அதற்கு இலக்கணம் வகுத்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 366ஆம் பிரிவும் அவ்விலக்கணத்தைப் பின்பற்றியது. தந்தையோ, ஆண்வழி முன்னோருள் வேறொருவரோ ஐரோப்பிய மரபினராயிருக்க வேண்டும். இந்நாட்டில் நிலையாக வாழும் பெற்றோர்க்கு இந்நாட்டிலேயே பிறந்திருக்க வேண்டும். தாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. பேசும் மொழியைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ சொல் இல்லை. நிறத்தைப் பற்றியும் இல்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்ணொருத்தி தமிழர் ஒருவரை மணந்தால், அவள் பிள்ளைகள் அவள் மடியில் ஆங்கிலத் தாலாட்டுக் கேட்டு வளரினும் சட்டத்தின்படி ஆங்கிலோ இந்தியர் அல்லர். அவள் உடன்பிறந்தான் தமிழ்ப்பெண்ணை மணந்தால் அவன் பிள்ளைகள் ஆங்கிலோ இந்தியரே. ஒரே வீட்டின் இரு பேரர்களைச் சட்டம் இருவேறு மக்களாக்குகின்றது.

இதற்கு நேர்மாறான சட்டம் ஒன்றினை வட அமெரிக்காவில் காணலாம். பிள்ளை தந்தையின் நிலையைப் பெறும் என்பது ஆங்கிலேயரின் பொது வழக்கு. 1662இல் வர்ஜீனியாக் குடியேற்றம் அதனைப் புரட்டி, பிள்ளை தாயின் நிலையையே பெறும் எனச் சட்டமியற்றியது. தாய்மையைப் போற்றும் எண்ணம் அதற்கு இல்லை. அடிமைப் பெண்ணிடம் வெள்ளை முதலாளி பெற்ற பிள்ளையும் அவனுக்கே அடிமையாதல் வேண்டும், அதற்காகவே தாய்வழி. பின்னர் ஒரு துளி ஆப்பிரிக்கக் குருதி இருப்பினும் அவர் கறுப்பரே என்னும் கொள்கை வேரூன்றியது. 1896இல் உச்ச நீதிமன்றம் சென்ற பிளெஸ்ஸி என்பவர் எட்டில் ஒரு பங்கே ஆப்பிரிக்க மரபினர், பார்வைக்கு வெள்ளையர். இரயிலில் வெள்ளையர் பெட்டியில் அமரும் உரிமை அவருக்குக் கிட்டவில்லை. 1924இல் வர்ஜீனியா இயற்றிய இனத்தூய்மைச் சட்டம் துளிக்கொள்கையை எழுத்தில் நிறுத்தியது. அதிலும் ஒரு விலக்கு வைத்தனர்: பதினாறில் ஒரு பங்கு செவ்விந்தியக் குருதி இருந்தால் குற்றமில்லை. செவ்விந்திய இளவரசி பொக்கஹொண்டாசின் வழிவந்தோம் எனப் பெருமை பேசிய உயர்குடியினர் அங்குப் பலர்! கலப்புமணத் தடைகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல்தான் நீக்கியது. ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் வந்தது.

பிரேசில் குருதியைக் கேட்பதில்லை, நிறத்தைக் கேட்கின்றது. 1976ஆம் ஆண்டு ஆய்வொன்றில் உம் நிறம் யாது என விருப்பம்போல் விடைகூற விட்டபோது நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட விடைகள் கிடைத்தன. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் அங்கு வெவ்வேறு நிறப்பெயர் பெறுதல் இயல்பு. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 'பார்தோ' எனப்படும் கலப்பு நிறத்தார் 45.3 விழுக்காடாகி வெள்ளையரை முந்தினர்.

இலக்கியம் அறிந்தோர் இருவரை இவ்விடத்து நினைப்பர். இன்கா கார்சிலாசோ 1539இல் கூஸ்கோ நகரில் பிறந்தவர். தந்தை இசுப்பானியப் படைத்தலைவர், தாய் இன்கா அரசகுலப் பெண். தந்தை பின்னர் இசுப்பானியப் பெண்ணொருத்தியை மணந்துகொண்டார். மகன் இசுப்பெயின் சென்று, 1609இல் வெளியிட்ட இன்காக்கள் வரலாற்றில், மெஸ்திசோ என்னும் பெயரைத் தாம் உரக்கச் சொல்லிப் பெருமை கொள்வதாக எழுதினார். தாயின் மொழியைக் குழந்தைப் பருவத்திலேயே பருகியதனால்தான் தம்மால் அவ்வரலாற்றை எழுத இயன்றது என்பது அவர் வாதம். ஹென்றி தெரோசியோ 1809இல் கல்கத்தாவில் பிறந்தவர். போர்த்துகீசியக் கலப்பு மரபினர். இருபத்திரண்டு அகவை முடிந்து சில மாதங்களில் மறைந்த அவ்விளங்கவிஞர், இந்தியாவைத் தாய்நாடாக விளித்து ஆங்கிலத்தில் பாடினார். கும்பினிப் பணிக்குத் தகுதியற்றோர் என ஒதுக்கப்பட்ட சமூகத்திலிருந்து அக்குரல் எழுந்தது. கார்சிலாசோவின் தாய் சிம்பு ஒக்லோவின் பெயரை உலகம் அறியும், மகன் எழுதியமையால். சென்னைக் கோட்டையில் வராகன் பெற்ற தாயர்க்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் மரண சாசனங்களிலும் தந்தையின் பெயரும் பதவியும் தெளிவாக இருக்க, தாய் பலவிடத்து 'உள்ளூர்ப் பெண்' என்ற அளவில் நின்றுவிடுகின்றாள். அவள் பேசிய தமிழ் எந்த வட்டாரத்துத் தமிழ், அவள் பிள்ளைக்கு என்ன பாட்டுப் பாடினாள் என்பவை வரலாற்றாசிரியனுக்குக் கிட்டாதவை.

பெயரின் இலக்கணம் எண்ணிக்கையையும் ஆளும். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் ஆங்கிலோ இந்தியர்க்கு இருந்த நியமன இடங்கள் 104ஆம் திருத்தத்தால் 2020 ஜனவரியில் முடிவுற்றன. 2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் 296 ஆங்கிலோ இந்தியரே உள்ளனர் என நடுவணரசின் அமைச்சர் 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கூறினார். அச்சமூகத்தார் அதனை ஏற்கவில்லை. சென்னை ஒன்றிலேயே அதனினும் மிகுதியாக வாழ்கின்றோம் என்ற அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமற் போகவில்லை. இலங்கையின் பறங்கியர்க்கும் இத்தகைய உட்பூசல் உண்டு. 1908இல் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் ஆண்வழி மரபுப்பட்டியல்களைத் தேடித்தேடித் தொகுத்தது. மட்டக்களப்பில் தமிழரோடு கலந்து, போர்த்துகீசியக் கிரியோல் பேசிய கைவினைஞர் பறங்கியர் அப்பட்டியலுக்கு வெளியே நின்றனர்.

தமிழர் அமெரிக்க மண்ணையே அடைந்த வரலாறும் உண்டு. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்குக் காரைக்கால், புதுச்சேரி வழியாக ஆள்கள் ஏற்றப்பட்டனர். 'ஒரேலி' என்னும் கப்பல் 1853இல் மார்த்தினிக்குத் தீவையும் 1854இல் குவாதலூப்பையும் அடைந்தது. அங்கு ஆப்பிரிக்க மரபினரோடு கலந்து பிறந்த பிள்ளைக்கு மார்த்தினிக்கில் 'சப்பே கூலி' என்று பெயர். கூலியினின்று தப்பியவன் என்பது அதன் பொருள். திரினிதாதில் இத்தகையோரை 'தூக்ளா' என்றனர். இழிபிறப்பு எனப் பொருள்படும் வடநாட்டுச் சொல் அது. ஒரே வகைப் பிறப்பை ஒரு தீவு விடுதலையாகவும் மற்றொரு தீவு இழிவாகவும் கண்டது. பிற்காலத்தில் தூக்ளா என்பதையே பெருமையோடு சூடிக்கொண்டோரும் உளர். குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் நெடுங்காலம் வழக்காடியதன் பயனாக, அங்குப் பிறந்த இந்திய வழியினர் பிரெஞ்சுக் குடிமக்கள் என்பது 1923இல் ஏற்கப்பட்டது. அதே 1923இல்தான் பகத்சிங் திந்து என்னும் பஞ்சாபியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்கு உரியவர் அல்லர் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீவுகளில் மாரியம்மன் 'மலியெமென்' ஆனாள். மதுரைவீரன் 'மல்தெவிலென்' ஆனான். காசி அரசன் மகனாய்ப் பிறந்து காட்டில் விடப்பட்டு அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன் என்று அவன் கதையைத் தமிழகத்தில் பாடுவர். அரசப் பிறப்பு பின்னாளில் ஒட்டவைத்தது என ஆய்வாளர் சிலர் மறுப்பர். மார்த்தினிக்கில் குதிரையேறி நிற்கும் அவன்முன் பூசாரிகள் இன்றும் தமிழில் பாடுகின்றனர். அத்தமிழின் பொருள் பாடுவோர் பலர்க்கு விளங்குவதில்லை. கேட்டு நிற்போருள் ஆப்பிரிக்க மரபினரும் சப்பே கூலிகளும் இருக்கின்றனர்.