தலைவிதியைத் தகர்த்த தாய்க்குலம்

பிறந்த ஏழாம் நாள் பிள்ளை இறந்தால், "ஆண்டவன் கொடுத்தான், ஆண்டவனே எடுத்துக்கொண்டான்" என்பர் பழமை விரும்பிகள். கிரகக் கோளாறு என்பான் சோதிடன். தெய்வக் குற்றம் என்பான் பூசாரி. கணக்கைக் காண்போம், தோழர்களே! 2022-ஆம் ஆண்டில் மட்டும் பிறந்து ஒரு திங்கள் முடியுமுன் மாண்ட மழலைகள் ஏறத்தாழ 23 இலட்சம். அவர்களிற் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் பிறந்தவர்கள். எடுப்பவன் ஆண்டவன் என்றால், ஏழை நாட்டுத் தொட்டில்களையே தேடித் தேடி எடுப்பானேன்?

எடுப்பவன் ஆண்டவனல்லன், பல வேளைகளில், கண்ணுக்குத் தெரியாத கிருமி! கழுவாத கை, தூய்மையற்ற கத்தி, சீழ் பிடித்த கொப்பூழ் ஆகியவற்றின் வழியே அது நுழைகிறது. குருதியிற் கலந்து உயிர் குடிக்கிறது. குறைமாதக் குழந்தைக்கோ குடற்சுவரே அழுகும் கொடுநோயும் உண்டு. அதற்குச் சிறந்த காவல் தாய்ப்பால். குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து, லூகாஸ், கோல் எனும் அறிஞர்கள் இங்கிலாந்தில் 1990-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். தாய்ப்பால் மட்டுமே பருகியவர்களைக் காட்டிலும், புட்டிப்பால் மட்டுமே பருகியவர்களிடம் அந்நோய் 6 முதல் 10 மடங்கு மிகுதி! தாய்ப்பாலிலும் முதலிற் சுரக்கும் சீம்பால், கிருமியை எதிர்க்கும் பொருள்கள் செறிந்தது. அதைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டச் சொன்னது எது? மடமை! மாற்றாகச் சர்க்கரைத் தண்ணீரை நாவில் தடவச் சொன்னது எது? அதே மடமை!

மடமையை வெல்ல அறிவு வேண்டும். அந்த அறிவு நகரத்து மருத்துவமனையில் பூட்டிக் கிடந்தால், காட்டோரக் குடிசைக்கு அதனால் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு விடை தந்தது, மராட்டிய மாநிலத்தின் கட்சிரோலி.

காடு சூழ்ந்த, பழங்குடியினர் மிகுந்த மாவட்டம் அது. மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங் 1986-இல் அங்கே பணி தொடங்கினர். 39 சிற்றூர்களில், ஐந்து முதல் பத்து வகுப்பு வரையே படித்த பெண்களைத் தேர்ந்தெடுத்தனர். வீடு வீடாகச் சென்று குழந்தையைப் பார்க்கப் பயிற்சி தந்தனர். அழுகை தளர்கிறதா? பால் குடிப்பது குறைகிறதா? உடல் குளிர்கிறதா, துவள்கிறதா? வயிறு உப்புகிறதா? மூச்சு திணறுகிறதா? கொப்பூழில் சீழா? இவற்றைக் கண்டறியக் கற்றனர் அப்பெண்கள். நோய் தெரிந்ததும், பெற்றோர் இசைவுடன், வாய்வழி மருந்து கொடுத்தனர். 'ஜென்டாமைசின்' ஊசியும் போட்டனர்!

நாட்டுப்புறப் பெண் ஊசி பிடிப்பதா? இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. "இவன் ஏடு தொடலாமா? இவள் பள்ளி செல்லலாமா?" என்று நூற்றாண்டுகளாய் நம்மைத் தடுத்த கேள்வியின் மறு உருவம்தானே அது!

விடையை வாதத்தால் அல்ல, எண்களால் அளித்தனர் அப்பெண்கள். 1993-95-இல், அந்த ஊர்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 62 பேர் முதல் திங்களிலேயே மாண்டனர். 1997-98-இல் அது 25.5 ஆகக் குறைந்தது. கிருமி குருதியிற் கலந்து நோயுற்றோரில், முன்பு இறந்தவர் நூற்றுக்கு 16.6, அப்பெண்கள் மருத்துவம் செய்தபின் 2.8. மருத்துவ உலகின் புகழ்மிக்க 'லான்செட்' இதழ் 1999-இல் இதனை வெளியிட்டது.

கிரகங்கள் இடம் மாறினவா? தெய்வங்கள் மனம் மாறினவா? இல்லை. அறிவு கை மாறிற்று! உயர்ந்தோர் கையிலிருந்து உழைப்போர் கைக்கு வந்தது. தலைவிதி தலை கவிழ்ந்தது.

2011-இல் இந்திய அரசு, பச்சிளங்குழந்தையை வீட்டிற்கே சென்று பேணும் திட்டத்தை 'ஆஷா' பணியாளர்களிடம் ஒப்படைத்தது. ஆனால் அவர்களுக்குத் தந்த பெயரோ 'தொண்டர்'; தந்த பொருளோ ஊக்கத்தொகை. உயிர் காக்கும் உழைப்புக்கு ஊழியர் என்ற உரிமை மறுக்கப்படுவது, பழைய பேதத்தின் புதிய வேடமன்றோ?

தோழர்களே! தொட்டிலருகே தாயத்தைத் தேடும் கைகளிடம் சோப்பைக் கொடுப்போம். சீம்பாலைக் கொட்டும் வழக்கத்தைக் கண்ட இடமெல்லாம் எடுத்துரைப்போம். உயிர் காக்கும் பெண்ணுக்கு உரிமை கேட்போம். மடமைக்குப் பலியிட நம்மிடம் இனி ஒரு மழலையும் இல்லை!