மூங்கில் உடையும் பாசிக் கட்டும்



எங்கள் பாடசாலைக்குப் பக்கத்துத் தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்யும் மருத்துவமாதுவுக்கு உடை வாங்கிக் கொடுக்க, ஆசிரியர்களும் பெற்றோரும் பணம் சேர்த்தோம். "மூங்கில் நார், கிருமி அண்டாது" என்று ஒரு வியாபாரி காட்டிய ஒரு சோடியின் விலைக்குப் பருத்தியில் மூன்று சோடி வாங்கலாம். சேர்ந்தது லயத்துப் பெற்றோர் கொழுந்து பறித்த காசு. அதனால் கொடுக்குமுன் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினோம்.

நோயை எதிர்க்கும் செடிகள் உண்டு என்பதை நம் மலையே அறியும். ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனா வளர்க்கத்தான். அதன் பட்டையிலிருந்து வந்த குயினைன்தான் மலேரியாவுக்கு மருந்து.

துணியின் கதைக்கு வருவோம். முதலாம் உலகப் போரில் பருத்தி வெடிமருந்து செய்யப் போய்விட்டது. காயத்துக்கு வைக்கப் பஞ்சு போதவில்லை. ஸ்கொட்லாந்து, அயர்லாந்து சதுப்பு நிலங்களில் பெண்களும் சிறுவர்களும் ஸ்பேக்னம் என்ற பாசியை அள்ளிக் காயவைத்தார்கள். 1918இல் பிரித்தானியாவிலிருந்து மாதம் சுமார் 10 இலட்சம் பாசிக் கட்டுகள் போயின. அந்தப் பாசி தன் எடையைப் போல் 20 மடங்கு வரை ஈரம் உறிஞ்சும். அதன் செல் சுவர் சுற்றுப்புறத்தை அமிலமாக்குவதால் பக்டீரியா பெருகாது. பாசியைப் பாசியாகவே வைத்துக் கட்டினார்கள். குணமும் கூடவே இருந்தது.

மூங்கில் துணி அப்படியல்ல. பெரும்பாலும் மூங்கிலைக் கோஸ்டிக் சோடாவிலும் காபன் டைசல்பைட்டிலும் கூழாகக் கரைத்து, நுண்துளை வழியே நூலாக இழுக்கிறார்கள். கிடைப்பது ரேயோன். செடியில் இருந்த கிருமி எதிர்ப்பு அதில் மிஞ்சுவதில்லை. இப்படி விளம்பரம் செய்தவர்கள் மீது அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2009இல் நடவடிக்கை எடுத்தது. ரேயோனை மூங்கில் என்று விற்றதற்காக 2013இல் நான்கு நிறுவனங்கள் 12.6 இலட்சம் டொலர் கட்டின.

மஞ்சள், வேம்பு தோய்த்த துணி? கேரளத்துப் பலராமபுரம் நெசவாளர்கள் மூலிகைச் சாயத்தில் 'ஆயுர்வஸ்திரம்' நெய்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் மஞ்சள் வெயிலிலும் சவர்க்காரத்திலும் மங்கிவிடும். மருத்துவ உடையோ ஒவ்வொரு நாளும் துவைக்க வேண்டியது.

கடைசியில் ஆஸ்பத்திரிகள் நம்புவது வெந்நீரைத்தான். பிரித்தானிய ஆஸ்பத்திரி விதிப்படி 65 பாகை செல்சியஸில் 10 நிமிடம், அல்லது 71 பாகையில் 3 நிமிடம். பருத்தி இதைத் தாங்கும்.

நம் ஊர் மழையிலும் பனியிலும் துவைத்த துணி ஒரு நாளில் காயாது. ஒரே சோடி இருந்தால், மருத்துவமாது நேற்றைய உடையையே உடுத்திக்கொண்டு இன்று பிள்ளையைத் தூக்குவார். பருத்தியில் மூன்று சோடி வாங்கிக் கொடுத்தோம்.

பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: செடியில் இருந்த குணம் துணிக்கு வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். கேட்ட பிறகு காசை எடுங்கள்.