மைதானத்தின் பெயர் யாருக்குச் சொந்தம்?



"மைதானத்துக்கு லைட் போட்டுத் தாறோம், எங்கட கம்பனிப் பெயரை வையுங்கோ" என்று ஒருநாள் நம் ஊரிலும் யாராவது கேட்கலாம். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

நம் நாட்டில் மைதானங்களின் பெயரை மாற்றியது பெரும்பாலும் அரசியல்தான். கொழும்பு மாளிகாவத்தைப் பக்கத்தில், அருகிலுள்ள விகாரையின் பெயரோடு கெத்தாராம மைதானம் 1986 பெப்ரவரி 2 இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டுவிக்க முன்னின்றவர் அப்போதைய பிரதமர் ஆர். பிரேமதாச. ஜனாதிபதியான பின், 1993 மே தினத்தன்று குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். மறுவருடம் மைதானத்துக்கு அவருடைய பெயர் வைக்கப்பட்டது. 30 வருடம் கடந்தும், மெச் பார்க்கப் போகிற பலருக்கு அது இன்னும் கெத்தாராமதான்.

இங்கிலாந்தில் அந்த வேலையைக் காசு செய்தது. நியூகாசில் கழகம் 1892 முதல் விளையாடுவது சென்ற் ஜேம்ஸ் பார்க்கில். 2011 நவம்பரில் உரிமையாளர் மைக் அஷ்லி தன் வியாபாரத்தின் பெயரால் அதை 'ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா' ஆக்கினார். ரசிகர்கள் கொதித்தார்கள். 2012 ஒக்டோபரில் வொங்கா என்ற கம்பனி பெயர் உரிமையை வாங்கி, பழைய பெயரையே திருப்பி வைத்தது. ரசிகரின் மனதைப் பிடிக்க அதுவே நல்ல விளம்பரம்!

ஆனால் வொங்கா அதிக வட்டிக்குக் கடன் கொடுத்து வந்த கம்பனி. 2013 இல் அதன் பெயர் பொறித்த ஜேர்சியை அணிய முஸ்லிம் வீரர் பாபிஸ் சிஸ்ஸே மறுத்தார். பிறகுதான் இணக்கம் ஏற்பட்டது.

பெயரின் பெறுமதியை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் நம்மை வெளியேற்றியபோது வீடு, தோட்டம், படகு எல்லாம் இங்கேயே நின்றன. ஊர்ப் பெயர் மட்டும் கூடவே வந்தது. அதனால்தான் புத்தளம் நாகவில்லுவிலும் ஒரு எருக்கலம்பிட்டிப் பாடசாலை இருக்கிறது.

அனுசரணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லைட்டும் பவிலியனும் காசில்லாமல் வராது. கம்பனிப் பெயரைப் பவிலியனில், ஸ்கோர் போர்டில், இத்தனை வருடத்துக்கு என்று எழுதிப் போடலாம். வட்டி, சூது, மது வியாபாரமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கையெழுத்து வைக்குமுன் கழகங்களையும் ஊர்ச் சனத்தையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மைதானத்தின் பெயர் ஊரோடு இருக்கட்டும்.

உங்கள் ஊர் மைதானத்தை உங்கள் வாப்பாமார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? கமெண்டில் எழுதுங்கள். பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.