நிமிடத்துக்கு 78 சுற்று

1960களின் கடைசியில், நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் முதல் நாள் சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிடும். வேப்ப மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ‘ரேடியோ செட்’ அண்ணன் தட்டுப் போட ஆரம்பித்துவிடுவார். ரேடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் அதற்கு அதுதான் பெயர். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பேட்டரி, சாவி கொடுத்தால் சுற்றும் ஒரு பெட்டி, இரண்டு குழாய், ஒரு தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள். இவ்வளவுதான் அவருடைய தொழில்.

முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. முகூர்த்த நேரத்தில் நாதஸ்வரம். பிறகு எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் பாட்டுகள். நடுவில் யாராவது கேட்டால் நாகூர் ஹனிபா. அவர் நபிகள் நாயகத்தைப் பற்றியும் பாடியிருந்தார், தி.மு.க.வுக்கும் பாடியிருந்தார், அண்ணாவின் மாவட்டமாகையால் இரண்டுக்கும் எங்கள் பக்கத்தில் கிராக்கி. சபாவில் ஒன்று, கோயிலில் ஒன்று, கட்சி மேடையில் ஒன்று, தர்காவில் ஒன்று என்று தனித்தனியாக இருந்த பாட்டெல்லாம் அண்ணனின் தகரப்பெட்டியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன.

எங்கள் வீட்டுப் பெட்டி அப்படி இல்லை. அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அவரிடம் நாய்ப் படம் போட்ட ஒரு பழைய கிராமபோனும் முப்பது தட்டுகளும் இருந்தன. எல்லாம் கர்நாடக சங்கீதம். எஸ்.ஜி.கிட்டப்பா நாடக நடிகர்தான் என்றாலும், தியாகராஜர் கீர்த்தனையும் பாடியிருந்ததால் அவருக்கு மட்டும் அனுமதி. சினிமாத் தட்டு உள்ளே வரக்கூடாது.

இந்தத் தட்டு நம் நாட்டுக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். 1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாடி முடிக்கும்போது அந்த அம்மாள் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். பதிவு ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போய்த்தான் தட்டாக வரவேண்டும். அங்கே இருப்பவர்கள் லேபிளில் சரியான பெயரைப் போடவேண்டுமே! 1908ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தபின் அந்தக் கடல் பயணம் தேவைப்படவில்லை.

தட்டின் மூலப்பொருள் நம் அரக்கு. மரத்தில் பூச்சி வைக்கும் அரக்கோடு கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்தினால் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான் இடம். மணிக்கணக்கில் ஆலாபனை செய்தவர்களுக்கு இது பெரிய சோதனை.

அதனால் பல வித்வான்கள் தயங்கினார்கள். ஆரம்ப காலத்தில் துணிந்து பாடியவர்களில் பெரும் பங்கு பெண்கள். எங்கள் காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தனகோடி அம்மாளின் பாட்டு அந்த ஆரம்ப ஆண்டுகளிலேயே தட்டில் வந்துவிட்டது. அவருடைய சகோதரி காமாட்சி அம்மாளின் மகன்தான் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. லயத்தில் சிங்கம், திருப்புகழை மேடைக்குக் கொண்டுவந்தவர், முழுப் பக்கவாத்தியக் கச்சேரிக்குப் பெயர் பெற்றவர். அவர் தட்டில் பாடவே இல்லை. 1934ல் காலமானார். பெரியம்மாவின் குரல் இருக்கிறது, பிள்ளையின் குரல் இல்லை. அவர் எப்படிப் பாடினார் என்பதைச் சிஷ்யர்கள் வாயிலாகத்தான் நாம் ஊகிக்கவேண்டியிருக்கிறது.

தட்டில் பாடியவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்டால், கோயம்புத்தூர் தாயியைச் சொல்வேன். 1917ல் மறைந்த அந்தப் பாடகி ஏராளமான தட்டுகள் கொடுத்தவர். 1912 வாக்கில் மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் இந்தியாவுக்கு வந்தார். புகழ்பெற்ற ராவெலின் மாணவர். போகும்போது இங்கே வாங்கிய தட்டுகளை எடுத்துப் போனார். அவற்றில் ஒன்று வள்ளலாரின் அருட்பாவைத் தாயி பாடிய தட்டு. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதை ஒட்டியே ‘ராகமாலிகா’ என்ற பாட்டை அமைத்தார். நம் நாதம் பியானோவில் எழவில்லை என்று, ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டை வைத்து ஒலியை அடக்கச் சொல்லிக் குறிப்பும் எழுதினார். வள்ளலாரின் வரிகள், சென்னையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் தொண்டை, பாரீஸ் பியானோ. மூன்றையும் சேர்த்தது கடையில் விற்ற ஒரு கறுப்புத் தட்டு. தாயி பாரீஸ் போனதில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. பாரீஸ் அளவுக்கு இல்லை, எங்கள் திண்ணை அளவுக்கு.

அண்ணனிடம் இருந்த நாதஸ்வரத் தட்டு தேய்ந்துபோய்விட்டது. எங்கள் வீட்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இருப்பது அவருக்குத் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டு, “சார், நாளைக்கு ஒரு நாளைக்குக் குடுங்க சார். பெரிய இடத்துக் கல்யாணம்” என்றார். அப்பா வெகு நேரம் யோசித்தார். “பக்கத்துக்கு ஒரு புது ஊசி போடணும்ப்பா. பழைய ஊசி போட்டா தட்டு போயிடும்” என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார். அண்ணன் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. ஈடாகத் தன் பெட்டியிலிருந்து ஒரு தட்டை வைத்துவிட்டுப் போனார். 1944ல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்தில் தியாகராஜ பாகவதர் பாடியது.

மறுநாள் இரவு, நாங்கள் தூங்கிவிட்டோம் என்று நினைத்து, அப்பா அதைப் போட்டுப் பார்த்தார். சத்தம் வெளியே போகாமல் இருக்க கிராமபோன் வாயில் துண்டைத் திணித்திருந்தார். ஒரு தடவை, இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. பிறகு அம்மாவை எழுப்பி, “இது சாருகேசிடீ!” என்றார். தியாகராஜர் கீர்த்தனை உள்ள ராகம்தான். ஆனாலும் அந்நாளில் கச்சேரியில் அபூர்வம். அந்தப் படத்தின் மூலம் அது டூரிங் கொட்டகைத் தரை டிக்கெட் வரை போய்ச் சேர்ந்திருந்தது. சங்கீதம் தெரிந்த அப்பாவுக்கு வந்து சேர இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அதன் பிறகு தட்டு மாற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இங்கிருந்து தோடி போகும், கிட்டப்பா போவார். அங்கிருந்து கலைவாணர் வருவார், ஹனிபா வருவார், சிவாஜி பட வசனம்கூட வந்தது. அண்ணனுக்கும் தோடி பிடித்துப்போய், வேலை இல்லாத நாளிலும் வந்து கேட்டுவிட்டுப் போவார். முதலில் திண்ணைக்குக் கீழே நின்றவர், சில மாதத்தில் திண்ணையில் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அது சாதாரண விஷயம் இல்லை. அப்பாவை ஒருவர் கேட்கவும் செய்தார். “பாட்டுக் கேக்க வர்றவரை நிக்க வெச்சா கேக்கச் சொல்றீங்க?” என்று அப்பா முடித்துவிட்டார்.

இப்போது நான் இதுவரை எழுதாத ஒன்றை எழுதிவிடுகிறேன். அந்தப் பாகவதர் தட்டு இரண்டாம் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நாற்காலியில் இருந்ததைக் கவனிக்காமல் நான் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். அரக்குத் தட்டு, விளிம்பிலிருந்து நடு வரை ஒரே விரிசல். பயத்தில் உறைக்குள் போட்டு வைத்துவிட்டேன். அண்ணன் வந்து எடுத்துப் போனார். அடுத்த கல்யாணத்தில் குழாயில் பாகவதரோடு ‘டக் டக்’ என்று ஒரு சத்தமும் வந்தது. நிமிடத்துக்கு 78 தடவை. பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் ஊசியை எடுத்துவிட்டு வேறு தட்டைப் போட்டார். அன்றைக்கு அவருக்கு ஒரு தட்டின் விலை பல நாள் வருமானம்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம் வேறொரு தட்டோடுதான் வந்தார். நானும் சொல்லவில்லை, அப்பாவும் தெரியாமலே போய்விட்டார். அண்ணனும் இப்போது இல்லை.

1970 வாக்கில் அரக்குத் தட்டுத் தயாரிப்பு நம் நாட்டில் நின்றது. மற்ற நாடுகள் முன்பே விட்டுவிட்டதால், இங்கே பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகூட 78 சுற்றுத் தட்டில் வந்தது. அதை வெளிநாட்டுக்காரர்கள் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். பிறகு வினைல், அதன் பிறகு கேசட். ரேடியோ செட்காரர்களின் தகரப்பெட்டிகள் காயலான் கடைக்குப் போயின. எங்கள் ஊர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து எழுத்து ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்கிறது. அரக்கில் வெட்டிய எழுத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மிஞ்சியதைக் காப்பாற்றியவர்கள் தனி மனிதர்கள். சென்னையில் வி.ஏ.கே.ரங்காராவ், இந்த இசை உயர்ந்தது அது தாழ்ந்தது என்று பார்க்காமல் சேர்த்தவர். 1990ல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கி, கூடி உட்கார்ந்து ஒருவர் தட்டை மற்றவர் கேட்டார்கள். ஓடியன் கம்பெனியின் பழைய தட்டுகளை அப்படிப்பட்டவர்களிடமிருந்து திரட்டித்தான் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டத்தில் கணினியில் ஏற்றினார்கள். யாரோ ஒருவர் பூட்டி வைக்காமல் கடன் கொடுத்ததால்தான் இன்று நம் காதுக்கு வருகிறது.

போன மாதம் என் பேத்தி கைபேசியில் அந்தப் பாகவதர் பாட்டைத் தேடிக் கொடுத்தாள். யாரோ ஒரு புண்ணியவான் தன் பழைய தட்டிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். உரசல் சத்தம் நிறைய இருந்தது. ‘டக் டக்’ மட்டும் இல்லை. எனக்கு அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டு ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கேட்கிறவர் யாராவது வந்தால் கொடுங்கள். அதன்மேல் யாராவது உட்கார்ந்துவிட்டால், அவரையும் மன்னித்துவிடுங்கள்.