அறைஞ்சாரா, தள்ளினாரா, உதைச்சாரா: ஒரு கேள்வித்தாளின் கதை

இன்னைக்கு எபிசோடு முழுக்க வீட்டுக்குள்ள நடக்கிற அடிதடி பற்றித்தான். கேட்கக் கஷ்டமா இருந்தா பாதியில நிறுத்திடுங்க, தப்பே இல்லை. யார்கிட்டயாவது பேசணும்னா 181, பெண்களுக்கான உதவி எண்.

ஒரு எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். 38.1. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கிற, கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார்கள். செய்தியில் பார்த்திருப்பீங்க. எனக்கு வந்த சந்தேகம் வேற. இதை எப்படிக் கேட்டாங்க? முன்னபின்ன தெரியாத ஒருத்தர் வந்து "உங்க வீட்டுக்காரர் உங்களைக் கொடுமைப்படுத்துறாரா?"ன்னு கேட்டா, யார் ஆமான்னு சொல்லுவாங்க?

அப்படிக் கேட்கலை. அறைஞ்சாரா? தள்ளினாரா, எதையாவது தூக்கி மேலே எறிஞ்சாரா? கையை முறுக்கினாரா, முடியைப் பிடிச்சு இழுத்தாரா? உதைச்சாரா? இப்படி ஒவ்வொண்ணா. இந்தப் பட்டியலோட பூர்வீகம் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர்னு ஒரு சின்ன மாநிலம். அதை எழுதினவங்களுக்குள்ள நடந்த சண்டைதான் இன்றைய கதை.

1971-ல் ஜான் ஓபிரையன் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். குடும்பம் பற்றிய முக்கியமான அமெரிக்க ஆய்விதழில், 1939 முதல் 1969 வரை, தலைப்பில் ‘வன்முறை’ என்ற சொல் உள்ள ஒரு கட்டுரைகூட வரவில்லை. முப்பது வருஷம்! வீட்டில் அடி விழுந்தால் அது யாரோ ஒரு குடிகாரன், யாரோ ஒரு மனநோயாளி செய்கிற விதிவிலக்கு என்றுதான் படித்தவர்களே நினைத்தார்கள்.

அதை உடைக்கப் போனவர் மர்ரே ஸ்ட்ராஸ், நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகப் பேராசிரியர். நம்ம பக்கத்தை அறிந்தவர்தான். 1949 முதல் மூன்று வருஷம் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் நடத்தியிருக்கிறார், பிறகு பம்பாய்க் குடும்பங்களையும் ஆராய்ந்திருக்கிறார். அவருடைய மாணவர் ரிச்சர்ட் கெல்லஸ் 80 குடும்பங்களைச் சந்தித்தார். அதில் பாதி, போலீஸுக்கோ உதவி அமைப்புகளுக்கோ ஏற்கெனவே தெரிந்த வீடுகள். மீதிப் பாதி அவங்களோட அக்கம்பக்கத்து வீடுகள், ஒப்பிட்டுப் பார்க்க. ‘ஒழுங்கான’ வீடுன்னு நினைச்ச அங்கேயும் அடி இருந்தது. என்னைக் கேட்டா, இந்தத் துறை உண்மையில் பிறந்தது அந்தப் பக்கத்து வீட்டு வாசலில்தான். கெல்லஸின் புத்தகம் 1974-ல் வந்தது.

பிறகு சூசன் ஸ்டைன்மெட்ஸும் சேர்ந்து, மூவருமாக நாடு முழுக்க 2,143 குடும்பங்களிடம் கேட்டார்கள். 1975 கணக்கெடுப்பு என்று இதைச் சொல்வார்கள். கேள்வித்தாளில் ஸ்ட்ராஸ் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தார். எல்லா வீட்டிலும் சண்டை சகஜம்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். சண்டை வந்தா நிதானமா பேசித் தீர்ப்பீங்களா என்று ஆரம்பித்து, கத்துவது, பொருளை எறிவது, அறைவது என்று படிப்படியாக ஏறி, கடைசியில் கத்தி, துப்பாக்கி வரை போவார். வன்முறையா இல்லையா என்று நீங்க தீர்ப்பு சொல்ல வேண்டாம், நடந்ததா இல்லையான்னு மட்டும் சொன்னா போதும். வாய் திறந்தார்கள். ஒரே வருஷத்தில் சுமார் ஆறில் ஒரு தம்பதிக்குள் அடி நடந்திருந்தது.

சண்டை வெடித்தது அடுத்த தகவலில். கணவனை ஒரு முறையாவது அடித்த மனைவிகளும், மனைவியை அடித்த கணவர்களும் கிட்டத்தட்ட சம அளவில் இருந்தார்கள். ஸ்டைன்மெட்ஸ் ‘அடிபடும் கணவர்கள்’ பற்றிக் கட்டுரை எழுதினார். பத்திரிகைகள் அள்ளிக்கொண்டன. பெண்கள் காப்பகங்களுக்கு எதுக்குப் பணம்னு கேட்கிறவங்களுக்கு வசதியா போச்சு. அவருக்கு மிரட்டல்கள் வந்தன, வெடிகுண்டு மிரட்டல் உட்பட. மூன்று பேர் சேர்ந்து செய்த ஆய்வுக்கு அதிகமாக அடிபட்டது அந்தப் பெண்தான். இதையும் குறிச்சு வச்சுக்கலாம்.

இதே சமயத்தில் ஸ்காட்லாந்தில் எமர்சன் டோபாஷ், ரஸ்ஸல் டோபாஷ் என்ற தம்பதி வேறு வழியில் போனார்கள். எடின்பரோ, கிளாஸ்கோ காவல் பதிவுகளில் முப்பதாயிரத்துக்கும் மேல் புரட்டினார்கள், அடிபட்ட 109 பெண்களிடம் விரிவாகப் பேசினார்கள். 1979-ல் புத்தகம் வந்தது. அவர்கள் வாதம் எளிமையானது. மூச்சுத் திணறக் கழுத்தைப் பிடித்தவனைத் தள்ளிவிட்டாலும் ‘தள்ளினார்’ என்ற கட்டத்தில் ஒரு டிக். யார் ஆரம்பித்தது, யாருக்கு எலும்பு உடைந்தது, ராத்திரி யார் பயந்து தூங்கவில்லை? பட்டியலுக்கு இது எதுவும் தெரியாது.

காயம் விஷயத்தில் ஸ்ட்ராஸ் மறுக்கவில்லை. பெண்களுக்குத்தான் பலத்த காயம் என்று அவரும் எழுதினார். 1996-ல் திருத்திய வடிவத்தில் காயமும் பாலியல் வற்புறுத்தலும் சேர்ந்தன. அதற்கு முந்தைய வருஷம் மைக்கேல் ஜான்சன் ஒரு விளக்கம் கொடுத்தார். வாக்குவாதம் முற்றி எப்போதாவது கை நீள்வது வேறு, ஒருவரை அடக்கி வைக்கவே நடக்கிற தொடர் வன்முறை வேறு. கணக்கெடுப்பில் முதலாவது அதிகம் விழுகிறது, காப்பகத்துக்கு இரண்டாவது வருகிறது. நான் டோபாஷ் கட்சிதான். ஆனா ஸ்ட்ராஸோட பட்டியல் இல்லாம எந்த அரசும் காது கொடுத்திருக்காதுன்னும் நினைக்கிறேன்.

நிகரகுவாவில் அதுதான் நடந்தது. வன்முறைக்கு எதிரான பெண்கள் கூட்டமைப்பு ஒரு சட்டம் கேட்டுப் போராடியது. மேரி எல்ஸ்பெர்க் என்ற ஆய்வாளர் 1995-ல் லியோன் நகரில் 488 பெண்களிடம், ஸ்ட்ராஸ் பாணிப் பட்டியலை மாற்றியமைத்துக் கேட்டார். திருமணமான பெண்களில் 52 சதவீதம் பேர் அடி வாங்கியிருந்தார்கள். ஆய்வின் பெயர் ‘நரகத்தில் மிட்டாய்’. புருஷனைப் பற்றி ஒரு பெண் சொன்னதிலிருந்து எடுத்தது. அடுத்த வருஷம் சட்டம் நிறைவேறியது.

எல்ஸ்பெர்க் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விலும் பங்கெடுத்தார். 10 நாடுகள், சுமார் 24,000 பெண்கள். இந்த மாதிரி ஆய்வுகளில் ஒரு விஷயம் விதியாகவே ஆனது: கேள்வி கேட்பதாலேயே அந்தப் பெண்ணுக்கு அடி விழக் கூடாது. நம்ம கணக்கெடுப்பிலும் அதே முறைதான். ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம், தனியாக. அவர் தனியா இருக்க வழியில்லைன்னா அந்தப் பகுதியைக் கேட்காமலே விட்டுடுவாங்க. அப்படி விட்ட பெண்கள் அந்த 38.1-க்குள் வர மாட்டாங்க.

ஸ்ட்ராஸ் 2016-ல் இறந்தார். கடைசி வரை அவர் பிடிவாதமாகப் பேசியது தம்பதிகளைப் பற்றி மட்டும் இல்லை, பெற்றோர் பிள்ளைகளை அடிப்பது பற்றியும்தான். ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’னு சொல்ற ஊர்ல அதைப் பேச ஒரு எபிசோடு தனியா வேணும். அடுத்த வாரம் அதுதான்.