தாமிரபரணி: ஆற்றின் மீட்பும் வலசை மீன்களும்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாகச் சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கும் ஆறு. பொருநை என்பது இதன் பழம்பெயர். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியவை இதன் முக்கியத் துணையாறுகள். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளாலும் நீர் பெறுவதால், தமிழகத்து ஆறுகளில் இதற்குத் தனி இடம் உண்டு. ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் கலந்து கெட்ட இவ்வாற்றைத் துப்புரவாக்கும் முயற்சிகள் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. நீர் தெளிந்துவிட்டால் மீன் தானே வந்து சேரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே வலசை போகும் மீன்களுக்குத் தெளிந்த நீரோடு இன்னும் இரண்டு வேண்டும்: திறந்த வழி, கடல்வரை வந்து சேரும் நீரோட்டம்.

ஆறும் முத்துக்கரையும்

பாண்டியரின் துறைமுகமான கொற்கை இவ்வாற்றின் முகத்துவாரத்தில் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் கரையைக் கடலுக்குள் தள்ளியதால், இன்று அது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. கொற்கைக்குப் பின் பழையகாயலும், அதன் பின் புன்னைக்காயலும் துறைகளாயின. ஆற்றோரம் ஆதிச்சநல்லூர், சிவகளை ஆகிய தொல்லியல் களங்கள் உள்ளன. சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது.

முகத்துவாரத்துக்கு வெளியே கடலடியில் முத்துச்சிப்பிப் பார்கள் உள்ளன. தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்த ஆண்டு 1961. அதற்குப் பின் பார்களில் சிப்பி போதிய அளவு சேரவில்லை. சங்கு குளிப்பு தொடர்ந்தது. இக்கடற்பகுதியின் 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா தேசியக் கடற்பூங்கா 1986இலும், உயிர்க்கோளக் காப்பகம் 1989இலும் அறிவிக்கப்பட்டன. காப்பகத்தின் எல்லைகள் கடலில் வரையப்பட்டவை. அக்கடலுக்கு நன்னீரும் வண்டலும் கொண்டுவரும் ஆற்றின் நலம் வேறு துறைகளின் பொறுப்பில் இருக்கிறது. இந்தப் பிரிவினை மீனுக்குத் தெரியாது.

வலசை மீன்கள்

இவ்வாற்றின் வலசை மீன்களில் முதலில் சொல்ல வேண்டியது விலாங்கு. மீனுக்குத் தலையையும் பாம்புக்கு வாலையும் காட்டும் என்று பழமொழியில் இடம்பெற்ற அதே விலாங்குதான். தென்னிந்திய ஆறுகளில் இரண்டு இனங்கள் காணப்படுகின்றன: உடலெங்கும் புள்ளியும் தேமலும் கொண்ட பெரிய விலாங்கு ஒன்று, ஒரே நிறமுள்ள குட்டைத் துடுப்பு விலாங்கு மற்றொன்று. இரண்டும் ஆழ்கடலில் பிறக்கின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு இலைபோல் தட்டையாக, ஊடுருவிப் பார்க்கக்கூடிய உடலோடு கடல் நீரோட்டத்தில் மிதந்து வரும். கரையை நெருங்கும்போது உருமாறி நூல்போல நீண்டு, அப்போதும் நிறமற்றே இருக்கும். இப்பருவத்தில் இதைக் கண்ணாடி விலாங்கு என்பர். நன்னீர் கலக்கும் கழிமுகத்தை நாடி நுழைந்து, நிறம் பெற்று, ஆற்றில் எதிர்நீச்சலிட்டு ஏறுகிறது. குளம், மடை, கால்வாய், பாறையிடுக்கு எங்கும் தங்கிப் பல ஆண்டுகள் வளர்கிறது. முதிர்ந்தபின் வெள்ளத்தோடு இறங்கிக் கடல் சேர்ந்து, ஆழ்கடலில் முட்டையிட்டு அங்கேயே மடிகிறது. வாழ்வில் ஒரே ஒருமுறைதான் இனப்பெருக்கம். ஆகவே ஏற வழியில்லாத ஆறு குஞ்சை இழக்கிறது. இறங்க வழியில்லாத ஆறு அடுத்த தலைமுறையையே இழக்கிறது.

ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் பிறக்கிறது என்பதை டென்மார்க்கின் யோகன்னஸ் ஷ்மிட் 1922இல் நிறுவினார். இந்தியப் பெருங்கடல் விலாங்குகளைப் பற்றி அந்த அளவு ஆராய்ச்சி நடக்கவில்லை. நம் ஆற்று இனங்கள் இரண்டும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழிவபாயத்தை நெருங்கும் நிலையில் வைக்கப்பட்டுள்ளன.

கொடுவா இதே போக்கின் இன்னொரு வடிவம். உவர்நீரில் முட்டையிடும், குஞ்சுகள் கழிமுகத்திலும் நன்னீரிலும் ஏறி வளரும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும். மாறிய பெரிய மீன்களே முட்டையிடுபவை என்பதால், கழிமுகத்தில் குஞ்சும் கடலில் பெரிய மீனும் ஒருங்கே காக்கப்பட வேண்டியவை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அதனால் பண்ணைக்குக் குஞ்சு கிடைக்கிறது. ஆற்றுக்கு அது மாற்றாகாது. மடவையும் பால்கெண்டையும் கடலில் முட்டையிட்டுக் கழிமுகத்திலும் காயலிலும் வளர்பவை. புன்னைக்காயல், பழையகாயல் பகுதியின் அலையாத்திக் காடு இக்குஞ்சுகளின் வளரிடம்.

வலசை போகாமல் ஆற்றோடு கிடக்கும் மீன்களிலும் சிறப்பானவை உண்டு. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய சிறு கெண்டை ஒன்றை இ.ஜி. சைலஸ் 1950களில் விவரித்தார். பின்னாளில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானவர் அவர். அந்தக் கெண்டை இன்று அழியும் ஆபத்திலுள்ள இனம்.

எட்டு அணைக்கட்டுகள்

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் ஆற்றின் குறுக்கே உள்ளன. முதல் ஏழும் ஆங்கிலேயர் வருகைக்கு முந்தியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் 1869 முதல் 1873 வரை கட்டப்பட்டது. கார், பிசானம் என்னும் இரு போக நெல் சாகுபடி இவற்றை நம்பியது. மலையடிவாரத்தில் பாபநாசம், மணிமுத்தாறு, சேர்வலாறு அணைகள் 20ஆம் நூற்றாண்டில் எழுந்தன.

பழைய அணைக்கட்டுகள் உயரம் குறைந்தவை; கற்களால் கட்டப்பட்டு, நீர் வழிந்தோடும் சரிவு கொண்டவை. விலாங்குக் குஞ்சு ஈரக் கல்லைப் பற்றி ஊர்ந்து ஏறவல்லது. மேலே நீர் வழிந்துகொண்டிருந்தால் இவ்வகை அணைக்கட்டை அது கடக்க முடியும். வழிவது நின்றால் கல் காயும், ஏற்றம் அதோடு முடியும். கொடுவாவுக்கு அந்தத் திறமையும் இல்லை. வெள்ளம் அணைக்கட்டை மூழ்கடிக்கும் நாள்களை விட்டால் அதற்கு வேறு வழியில்லை. ஸ்ரீவைகுண்டம் கடலிலிருந்து ஏறும் மீன் சந்திக்கும் முதல் பெரிய தடையாக நெடுங்காலம் இருந்தது. பின்னர் கடல்நீர் உட்புகுவதைத் தடுக்க முக்காணிக்கும் சேர்ந்தபூமங்கலத்துக்கும் இடையே தடுப்பணை ஒன்று கட்டப்பட்டது. குடிநீர்க் கிணறுகள் உவர்த்துப்போன ஊர்களுக்கு அது தேவைதான். ஆனால் உப்பைத் தடுக்கும் சுவர் மீன்குஞ்சையும் தடுக்கும். அதில் மீனுக்குச் சரிவுப் பாதை அமைப்பது, மொத்தச் செலவில் சிறு பங்காகவே இருக்கும்.

கழிவு வந்த வழி

ஆற்றங்கரையில் ஆலைத்தொழில் 1885இல் தொடங்கியது. பாபநாசத்தின் கீழ், விக்கிரமசிங்கபுரத்தில், அருவியின் விசையை நம்பி ஹார்வி நிறுவனம் நூற்பாலை நிறுவியது. சுதந்திரத்துக்குப் பின் சேரன்மகாதேவியில் காகித ஆலையும், முகத்துவாரத்துக்குத் தெற்கே சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா உள்ளிட்டவற்றைத் தயாரிக்கும் ரசாயன ஆலையும் வந்தன. சாகுபுரம் ஆலையின் செந்நிறக் கழிவுநீர் கடலில் கலப்பதாகக் காயல்பட்டினம் மக்கள் பல ஆண்டுகள் குறை கூறிப் போராடினர். தூத்துக்குடியில் அனல்மின் நிலையச் சாம்பலும், பக்கிள் ஓடை வழியே வரும் நகரச் சாக்கடையும் கடற்கரையைக் கெடுத்தன. ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் கசடு உப்பாற்று ஓடையோரம் கொட்டப்பட்டது. ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது 2018 மே 22இல் காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்த பின், மே 28இல் அரசு அவ்வாலையை மூடியது. நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது.

ஆற்றுக்குள் இன்று கலக்கும் கழிவில் பெரும்பங்கு ஊர்களின் சாக்கடை. திருநெல்வேலி மாநகரத்தின் பாதாளச் சாக்கடைத் திட்டம் முழுமையடையாத நிலையில், ஓடைகளும் பாசனக் கால்வாய்களுமே வடிகால்களாயின. பாபநாசத்தில் பரிகாரம் என்று பக்தர்கள் ஆற்றில் விட்டுச்செல்லும் துணிகளைத் தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக அள்ளி எடுத்திருக்கிறார்கள். கீழே ஸ்ரீவைகுண்டத்தில் சாக்கடையின் சத்தை உண்டு அமலைச்செடி மண்டி நீர்ப்பரப்பை மூடுகிறது. அதன் அடியில் நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில், பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரையிலான தாமிரபரணி ஐந்தாம் முன்னுரிமையில் இடம்பெற்றது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை உள்ள பகுதிகள் அந்நிலையில் வரும். முதல் முன்னுரிமைக்கு இது 30ஐத் தாண்ட வேண்டும். அதாவது, மீட்க இயலாத அளவுக்கு இந்த ஆறு கெட்டுவிடவில்லை.

மீட்பு முயற்சிகள்

ஆற்றுக்காக நடந்த சட்டப் போராட்டங்களில் முதன்மையானது மணல் வழக்கு. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே வாதாடினார். 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதிக்கப்பட்டது. மணல் நீரைத் தேக்கிவைத்து வடிகட்டும். வெள்ளமில்லாத மாதங்களில் ஆற்றுக்கு ஊறிவரும் நீர் அதிலிருந்து வருவது. ஆற்று மீனுக்காக இங்கு நேர்ந்த பெரிய நன்மை இத்தீர்ப்பே என்று சொல்லலாம், மீனைப் பற்றிய வழக்காக அது இல்லாவிட்டாலும்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தூர்வார 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அங்கிருந்து தூத்துக்குடி தொழிற்சாலைகளுக்கு நீர் எடுப்பதை 2018இல் தடை செய்தது. சாக்கடை கலப்பது குறித்த வழக்கில், மதுரைக் கிளை நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் பி. புகழேந்தியும் 2024 நவம்பரில் ஆற்றை நேரில் வந்து பார்வையிட்டனர். வழக்குத் தொடுத்தவர் ஆற்றங்கரை ஊர்களின் வரலாற்றை எழுதிவரும் முத்தாலங்குறிச்சி காமராசு. படித்துறை, கல்மண்டபங்களைச் சீரமைப்பதும் அவ்வழக்கின் கோரிக்கை. மணிமுத்தாறில் இயங்கும் ஏட்ரீ என்னும் சூழலியல் ஆய்வு அமைப்பின் மையம் ஆற்றையும் குளங்களையும் மக்களோடு சேர்ந்து கண்காணித்து வருகிறது.

இம்முயற்சிகள் பெரும்பாலும் குடிநீர், பாசனம், நீராடுதுறை என்ற மூன்றையும் அளவுகோலாகக் கொண்டவை. அவை வேண்டியவைதான். ஆனால் அந்த மூன்றும் ஆற்றின் இடையில் முடிந்துவிடுகின்றன. புன்னைக்காயல் மீனவரின் வலையில் என்ன விழுகிறது என்பது எந்த அளவுகோலிலும் வரவில்லை. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி உள்ளது, மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையமும் உள்ளது. முக்காணியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஏறிவரும் விலாங்குக் குஞ்சுகளை ஆண்டுதோறும் எண்ணிப் பதிவுசெய்ய, வேறு புதிய நிறுவனம் தேவையில்லை.

பிற ஆறுகள்

லண்டனின் தேம்ஸ் 1957இல் உயிரற்ற ஆறு என்று கருதப்பட்டது. சாக்கடைச் சுத்திகரிப்பு மேம்பட்டபின் 1974இல் அதில் ஒரு சால்மன் பிடிபட்டது பெருஞ்செய்தியாயிற்று. பின்னர் ஏராளமான குஞ்சுகள் விடப்பட்டன. 2011இல் வெளியான மரபணு ஆய்வு, அங்கே பிடிபட்டவை பெரும்பாலும் வேறு ஆறுகளிலிருந்து வழிதவறி வந்தவை என்று காட்டியது. ரைன் ஆற்றில் 1986 நவம்பர் 1 அன்று பாசலுக்கு அருகே சாண்டோஸ் கிடங்கு தீப்பிடித்து, நஞ்சு கலந்த நீர் சுமார் 400 கி.மீ. தூரத்துக்கு விலாங்குகளைக் கொன்றது. அடுத்த ஆண்டே கரை நாடுகள் கூட்டுத் திட்டம் வகுத்தன. கழிவைக் கட்டுப்படுத்தியதோடு, இஃபெட்சைமில் 2000இலும் காம்ப்சைமில் 2006இலும் மீன் ஏறிச்செல்ல மீன்படிகளைக் கட்டின. முகத்துவாரத்தில் நெதர்லாந்து 1970களின் தொடக்கத்தில் அடைத்த ஹாரிங்ஃப்லீட் மதகுகளை 2018 நவம்பர் முதல் சிறிதளவு திறந்துவிடுகிறது. உப்புநீர் சற்று உள்ளே வரும் என்று தெரிந்தே, குடிநீர் எடுக்கும் இடத்தை மேலே தள்ளிவைத்துவிட்டு மீனுக்கு வழிவிட்டார்கள். முக்காணித் தடுப்பணைக்கு உலகில் கிடைக்கும் நேரான முன்னுதாரணம் இதுவே.

தமிழகத்துக்கும் பழைய பாடம் ஒன்று உண்டு. உல்லம் எனப்படும் ஹில்சா ஒருகாலத்தில் கொள்ளிடம் வழியே காவிரியில் ஏறியது. அணைக்கட்டுகளால் மீன்வளம் கெடுவதை 1867இல் சுட்டிக்காட்டியவர், அணைக்கட்டுகளுக்காகவே பெயர்பெற்ற ஆர்தர் காட்டன். மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே அதன்பின் ஆராய்ந்து எழுதினார். கொள்ளிடத்தின் கீழணையில் கட்டிய மீன்படி ஹில்சாவுக்குப் பயன்படவில்லை. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் அம்மீனின் ஏற்றமும் ஓய்ந்தது. எந்த மீனுக்கு, எந்த ஓட்டத்தில், எத்தனை சரிவில் என்று பார்க்காமல் கட்டும் மீன்படி வெறும் கட்டுமானமாகவே நிற்கும்.

குலசேகரன்பட்டினக் கரை

திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள குலசேகரன்பட்டினம் தாமிரபரணியின் கரையில் இல்லை. ஆயினும் அதன் நீரோடு தொடர்புடைய ஊர். மருதூர் மேலக்காலிலிருந்து பிரியும் சடையனேரிக் கால்வாய், வெள்ளக் காலத்தில் சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத் தேரிநிலத்துக்கு உபரிநீர் தருகிறது. தெற்கே மணப்பாட்டில் கருமேனியாறு கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதன் வாய் மணல்திட்டால் அடைபட்டிருக்கும். பழைய துறைமுகமான குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அருகே கல்லாமொழிக் கரையில் உடன்குடி அனல்மின் நிலையம் எழுகிறது.

தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009இல் தொடங்கியது. கன்னடியன் கால்வாயிலிருந்து சுமார் 75 கி.மீ. நீளும் வெள்ளநீர்க் கால்வாய் இது. அரசுக் கணக்கின்படி கடலில் கலக்கும் உபரியான 13,758 மில்லியன் கன அடியில் 2,765 மில்லியன் கன அடி திருப்பப்படும். வறண்ட வட்டாரத்துக்கு இந்நீர் உயிர். ஆனால் கடலுக்குப் போகும் நீரெல்லாம் வீண் என்ற கணக்கில் கொடுவாவுக்கும் விலாங்குக்கும் புன்னைக்காயல் வலைக்காரருக்கும் பங்கில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி ஆறு கரைபுரண்டபோது, அணைக்கட்டுகள் மூழ்கி, மலையடிவாரம் முதல் முகத்துவாரம் வரை தடையற்ற நீர்வழி சில நாள்களுக்கு உருவானது. ஊர்களைச் சிதைத்த அந்த வெள்ளத்தை யாரும் விரும்பமாட்டார்கள். அதில் ஒரு சிறு பங்கைப் பிசானப் பருவத்தில் முறைவைத்துக் கீழே திறந்துவிட, அணை இயக்க விதிகளில் இடம் ஒதுக்க வேண்டியது நீர்வளத் துறையின் பணி.